சொக்கெட் செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் வண்டியைப் பாருங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். ரொறன்ரோவில் பனிக்கால ரயர் மாற்றுகிற நேரமும் கிறிஸ்மஸ் பரிசு வாங்குகிற நேரமும் ஒன்றாக வருவதுதான் காரணம். "மகன் எந்த நேரமும் கராஜுக்குள்ளதான் நிக்கிறான். அவனுக்கு ஒரு சொக்கெட் செட் வாங்கிக் குடுக்கலாம் எண்டு பாக்கிறன். எது நல்லது?" என்று கேட்பார்கள். சிலருக்கு மகன், சிலருக்கு மகள், சிலருக்கு வீட்டுக்காரர். கேள்வி ஒன்றுதான். கடையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். 40 துண்டு, 150 துண்டு, 300 துண்டு என்று எல்லாமே பளபளக்கிறது. எதை எடுப்பது?

நான் மெக்கானிக் இல்லை. பகலில் கணக்குப் பார்க்கும் வேலை. ஆனால் அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். தன் ஏ-40 காரைத் தானே கழற்றித் தானே பூட்டுவார். எனக்கு 11 வயதாக இருக்கும்போது ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே வந்தும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை; பக்கத்தில் நின்று ரோர்ச் பிடித்த எனக்கும் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக் கார்களின் எண்ணெய், பிரேக், ரயர் எல்லாம் இருபது வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

போன வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டது என் தங்கச்சி. அவளுடைய மகனுக்கு 17 வயது. தாயின் பழைய ஹொண்டா சிவிக்கை வைத்துக்கொண்டு எண்ணெய் மாற்றப் பழகிவிட்டான், அடுத்தது பிரேக் என்று நிற்கிறான். ஆனால் அவளுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. "எதை வாங்குறது எண்டு சொல்லுங்கோ அண்ணா. ஆனா வாங்கலாமா எண்டும் சொல்லுங்கோ. நான் இதை வாங்கிக் குடுத்தா அவன் படிப்பை விட்டிடுவான் எண்டு அம்மா சொல்லுறா."

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். இரண்டாவதுக்கும் வருவேன்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்

துண்டுகளின் எண்ணிக்கை பெட்டியில் மிகப் பெரிதாக அச்சடிக்கப்பட்டிருக்கும். தெரிவு செய்வதற்கு அது அவ்வளவு உதவாது. 200 துண்டு என்று எழுதிய பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனைகள், அலன் சாவிகள், சின்னச் சின்ன இணைப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்கள். சொக்கெட்டுகள் என்று பார்த்தால் அதில் ஒரு பகுதிதான். அதிலும் பாதி அங்குல அளவாக இருக்கலாம்.

அந்த அங்குலப் பாதிக்குத்தான் பலரும் தேவையில்லாமல் காசு கொடுக்கிறார்கள். அப்பாவின் காலத்து ஆங்கிலேயக் கார்களுக்கு அங்குல ஸ்பனர் வேண்டியிருந்தது. இன்று நம் வீடுகளின் முன்னால் நிற்கிற கார்களில், ஜப்பான், கொரியா, ஜேர்மனி, அமெரிக்கா எந்த நாட்டு நிறுவனமானாலும், நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவுதான். பிள்ளை பழைய அமெரிக்க வண்டியையோ புல் வெட்டும் இயந்திரத்தையோ திருத்துவதாக இருந்தால் தவிர, மில்லிமீற்றர் செட் மட்டும் போதும். அதே காசுக்கு இன்னும் தரமானது கிடைக்கும்.

எண்ணிக்கைக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது, அளவுகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்பதுதான். 8, 9, 10, 11 என்று 19 வரை ஒன்றும் விடாமல் இருக்க வேண்டும். மலிவான செட்டுகளில் 16, 18 போன்ற அளவுகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெட்டியில் பார்க்கும்போது அது கண்ணில் படாது. வண்டியின் ஒரு சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, தேவையான அளவு இல்லாமல் நிற்கும்போதுதான் தெரியும்.

வண்டி என்ன சொல்கிறது?

பரிசை இரகசியமாக வைக்க வேண்டும், ஆனால் என்ன வேண்டும் என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளை எந்தக் காரில் கை வைக்கிறது என்று பாருங்கள்.

ஜப்பானியக் கார்களில் 8, 10, 12, 14, 17, 19 ஆகிய அளவுகள் அடிக்கடி வரும். ஐரோப்பியக் கார்களில் 10, 13, 16, 18 அதிகம். அவற்றோடு நட்சத்திர வடிவத் தலையுள்ள டொர்க்ஸ் போல்ட்டுகளும் வரும், அதற்குத் தனி முனைகள் வேண்டும். அமெரிக்கக் கார்களில் 8, 10, 13, 15, 18 என்று போகும். என் மருமகனின் சிவிக்கில் எண்ணெய் வடிக்கும் போல்ட் 17, சில்லு நட் 19, பற்றரி முனை 10. இந்த மூன்று எண்களையே வைத்து அவனுடைய பாதி வேலை நடந்துவிடும்.

10 மில்லிமீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. கார் திருத்துகிறவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லிச் சிரிக்கும் விஷயம், முதலில் தொலைந்து போவது அந்தச் சொக்கெட்தான் என்பது. அதிகம் பயன்படுவதால் அதிகம் தொலைகிறது. பரிசோடு இரண்டு 10 மில்லிமீற்றர் சொக்கெட்டைத் தனியாக வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள். அதைக் கண்டதும் பிள்ளை சிரிக்கும்.

மூன்று கைப்பிடி அளவுகள்

சொக்கெட்டைக் கைப்பிடியில் பொருத்தும் சதுர முனைக்கு மூன்று அளவுகள் வழக்கில் உள்ளன: 1/4, 3/8, 1/2 அங்குலம். மில்லிமீற்றர் செட்டிலும் இந்தச் சதுரம் அங்குலத்தில்தான் சொல்லப்படும். அதைப் பார்த்து, மாறி எடுத்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.

1/4 சின்ன வேலைகளுக்கு: டாஷ்போர்ட், பிளாஸ்டிக் மூடிகள், நெருக்கமான இடங்கள். 1/2 பலமான வேலைகளுக்கு: சில்லு நட், சஸ்பென்ஷன். நடுவில் உள்ள 3/8 தான் வீட்டில் திருத்துபவரின் வலது கை. ஒரே ஒரு செட் வாங்குவதென்றால் 3/8 வாங்குங்கள். அதில் கட்டைச் சொக்கெட், நீளச் சொக்கெட் இரண்டு வகையும் இருக்கட்டும். போல்ட்டின் முனை நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கட்டை சொக்கெட் நட்டைத் தொடாது. ஒன்றிரண்டு நீட்டிப்புக் கம்பிகளும் வேண்டும். சிவிக் போன்ற கார்களில் ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆழமாக இருக்கிறது. நீட்டிப்பு இல்லாமல் கை எட்டாது.

கையில் எடுத்துப் பாருங்கள்

கடையில் திறந்து வைத்த மாதிரி இருந்தால் சொக்கெட்டின் உள்ளே பாருங்கள். ஆறு மூலை இருக்கிறதா, பன்னிரண்டு மூலை இருக்கிறதா? ஆறு மூலையை எடுங்கள். அது நட்டின் தட்டையான பக்கங்களில் அழுத்தும். பன்னிரண்டு மூலை நட்டின் முனைகளுக்கு அருகில் அழுத்தும். கனடாவில் வீதிக்குப் போடும் உப்பு காரின் அடிப்பக்கத்தை என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்த நட்டில் பன்னிரண்டு மூலையைப் போட்டு இழுத்தால் முனை மழுங்கி நட் உருண்டையாகிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரிய கூத்து.

அடுத்து ரச்செட், அதாவது கிர் கிர் என்று ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திரும்பும் கைப்பிடி. உள்ளே எத்தனை பல் என்று கேளுங்கள். 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 10 பாகை அசைய வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் அகலத்தில் கையை விட்டு வேலை செய்யும்போது அந்த 5 பாகையின் அருமை தெரியும்.

ரச்செட்டின் தலைக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள்; சொக்கெட் கழன்று கையில் விழும். அமெரிக்காவில் அப்படியொரு பொத்தானுக்கு 1960-களில் உரிமம் வாங்கிய பீற்றர் றொபேட்ஸ், அதைக் கண்டுபிடித்தபோது 18 வயதுப் பையன். சியர்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு, தன் ஓய்வு நேரத்தில் அதைச் செய்தார். உரிமையைச் சியர்ஸுக்கே 10,000 டொலருக்கு விற்றார். அந்த ரச்செட் இலட்சக்கணக்கில் விற்றதும் வழக்குப் போட்டார். 1989-ல் சமரசத்தில்தான் அது முடிந்தது. எண்ணெய்க் கையோடு கராஜுக்குள் நிற்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்து வைப்பதற்கு முன் வாசிக்க வேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது.

கடைசியாகப் பெட்டி. ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் அதற்குரிய குழி இருந்து, குழியருகே எண் தெளிவாக எழுதியிருந்தால் நல்லது. வேலை முடிந்து மூடும்போது எது வெற்றாக இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். எஞ்சினுக்குள் விட்டுவிட்ட சொக்கெட்டை வண்டி புறப்படுவதற்கு முன்னரே கண்டுபிடிக்கலாம்.

வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், உடைந்ததை எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று கேளுங்கள். பக்கத்துக் கடையில் மாற்றலாம் என்றால் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு. கடல் தாண்டித் தபாலில் அனுப்ப வேண்டுமென்றால் ஒருவரும் அனுப்பப் போவதில்லை. விலையைப் பொறுத்தவரை, இங்கே சொக்கெட் செட்டுகள் பாதி விலைக்கும் கீழே அடிக்கடி மலிவுக்கு வரும். பட்டியல் விலையில் எடுக்காமல் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

பாதுகாப்புக்கும் அதே பெட்டியில் இடம் வேண்டும்

200 டொலர் ஒதுக்கியிருந்தால் முழுவதையும் சொக்கெட்டில் போட வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பாதிக்கு அளவான, நல்ல 3/8 செட். மிச்சத்துக்கு ஒரு டோர்க் ரென்ச்சும், காரைத் தாங்கும் ஜக் ஸ்டாண்ட் ஒரு சோடியும்.

டோர்க் ரென்ச் என்பது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து, வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் கைப்பிடி. சில்லு நட்டை மிதமிஞ்சி இறுக்கினால் அது பூட்டியிருக்கும் தண்டு இழுபட்டுப் பலவீனமாகும். இறுக்கம் குறைந்தால் 401 நெடுஞ்சாலையில் சில்லு தனியாக ஓடும். பல ஹொண்டா கார்களுக்கு 108 நியூட்டன் மீற்றர், பல ரொயோட்டா கார்களுக்கு 103, பல வொக்ஸ்வாகன் கார்களுக்கு 120. உங்கள் வண்டிக்குரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். அதையே பின்பற்ற வேண்டும். 100 கிலோமீற்றர் வரை ஓடிய பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டோர்க் ரென்ச்சால் நட்டைக் கழற்றக் கூடாது; இறுக்குவதற்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வைத்தால் உள்ளேயுள்ள சுருள் நாட்பட உழைக்கும்.

ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இதில் பெரியவர், சின்னவர், அனுபவசாலி என்ற பேதமே இல்லை. ஜக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு.

இன்னொன்று: பளபளக்கும் குரோம் சொக்கெட் கையால் திருப்புவதற்கு. பற்றரியில் ஓடும் இம்பாக்ட் கன்னில் அதைப் போட்டால் வெடித்துச் சிதறலாம். அதற்கென்று கறுப்பு நிறத்தில், தடித்த சுவரோடு தனிச் சொக்கெட்டுகள் விற்கிறார்கள். வீட்டில் இம்பாக்ட் கன் இருந்தால் அந்தச் செட்டைத்தான் பரிசாக எடுக்க வேண்டும். கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் இருப்பது மின்சாரக் கார் என்றாலும் சில்லும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் இருக்கத்தான் செய்யும், சொக்கெட் வீணாகாது. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் அழுத்த மின்சாரம் போகிறவை, அவற்றை மட்டும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே ஒரு செட் இருந்தால்

இன்னொரு செட் வேண்டாம். பிள்ளை இல்லாத நேரம் அதன் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுங்கள். எந்தக் குழி வெற்றாக இருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது, எது இல்லவே இல்லை என்று படம் சொல்லும். நீளச் சொக்கெட் இல்லையா? 1/2 அங்குல நீளக் கைப்பிடி இல்லையா? கழற்றிய நட்டைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டு, தலையில் மாட்டும் விளக்கு எல்லாம் நல்ல பரிசுகள்தான். இன்னொரு 150 துண்டுப் பெட்டியைவிட அவைதான் அதிகம் பயன்படும்.

அம்மாவின் கேள்வி

இனி தங்கச்சியின் இரண்டாவது கேள்வி. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கட அப்பா கையில கிறீஸோட திரிஞ்சது நீங்கள் பேனை பிடிக்கோணும் எண்டுதான். இப்ப நீங்களே அவனிட்ட ஸ்பனரைக் குடுக்கிறியளோ?"

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. எங்கள் தலைமுறையை வளர்த்தவர்கள் எல்லோரும் ஏதோவொரு வகையில் இதைத்தான் நினைத்தார்கள். அவர்களுடைய கை அழுக்கானதால்தான் நாங்கள் மேசையில் இருந்து வேலை செய்கிறோம். அந்தக் கடனை மறந்து அம்மாவோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன். 90-களில் பொருளாதாரத் தடை போட்டு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அப்பாவின் காரும் அப்படித்தான் ஓடியது. பிள்ளைப் பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அந்தக் காரில்தான் போனார்கள். அந்த எஞ்சினை ஓட வைத்த கையைப் பற்றி அம்மா இன்றைக்கும் பெருமையாகப் பேசுவா. பேரன் அதே வேலையைச் செய்யும்போது மட்டும் ஏன் கவலை?

தங்கச்சிக்கு நான் சொன்னது வேறு. சொக்கெட் செட் வாங்கிக் கொடுப்பதால் அவனுடைய எதிர்காலம் முடிவாகிவிடாது. கிற்றார் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் பாடகராகிவிட்டார்களா? பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகத்தில் வரும் நியூட்டன் மீற்றரை அவன் டிரைவ்வேயில் கையால் உணர்ந்து படிக்கிறான். அது நட்டமில்லை. ஒருவேளை இதையே தொழிலாக எடுக்க நினைத்தால், அதுவும் படிப்புத்தான். ஒன்ராறியோவில் கார் திருத்துவது கட்டாயச் சான்றிதழ் வேண்டிய தொழில். சான்றிதழ் பெற்றவரோ பதிவுசெய்த பயிலுநரோதான் அதைச் செய்யலாம். வகுப்பு, பயிற்சி, பரீட்சை எல்லாம் உண்டு. ரெட் சீல் முத்திரை பெற்றால் கனடா முழுவதும் அதை ஏற்றுக்கொள்வார்கள். உயர்பள்ளியில் படிக்கும்போதே பயிற்சியைத் தொடங்கும் திட்டமும் மாகாணத்தில் இருக்கிறது.

அவனுக்குக் கணினி வேண்டுமென்றால் நாங்கள் மூன்று கடை ஏறி இறங்கி, விலை பார்த்து, தெரிந்தவரைக் கேட்டு வாங்குகிறோம். கராஜ் வேலைக்கு மட்டும் ஏதோ ஒரு மலிவுப் பெட்டி போதும் என்றால், அந்த வேலையை நாங்கள் எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். அவனுடைய வண்டியைப் பார்த்து, அளவு பார்த்து, அவனுடைய உயிருக்கும் சேர்த்து யோசித்து வாங்கியிருக்கிறோம் என்பதும் அப்படியே விளங்கும்.

தங்கச்சி வாங்கினாள். 3/8 செட், ஆறு மூலை, 8 முதல் 19 வரை, 72 பல் ரச்செட். கூடவே டோர்க் ரென்ச், ஸ்டாண்ட் ஒரு சோடி. முதல் பிரேக் வேலையை நான் பக்கத்தில் நிற்க அவன் செய்தான். அடுத்த வருடம் பல்கலைக்கழகமா, தொழிற்பயிற்சியா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அவன் வந்து அம்மாவின் காருக்கு ரயர் மாற்றுகிற நாளில் இடியப்பமும் சொதியும் தயாராக இருக்கும்.

கொடுக்கும்போது

பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்ன அட்டை ஒட்டிக் கொடுங்கள். அதில் உங்கள் வண்டியின் எண்களைக் கையால் எழுதுங்கள்: சில்லு நட் எத்தனை மில்லிமீற்றர், எத்தனை நியூட்டன் மீற்றர், எண்ணெய் போல்ட் எத்தனை, எவ்வளவு எண்ணெய், எந்த வகை. கையேட்டைத் திறந்தால் பத்து நிமிட வேலை. எழுதி முடித்ததும் உங்களுக்கும் அந்த வண்டியைப் பற்றி நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அட்டையின் கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்: "ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்குக் கீழே போகாதே."